எங்கள் தெருவில் தைக்கிறவர் யாருமில்லை

ஆராய்ச்சி என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்குக் குமட்டுகிறது. சுலபத்தில் குமட்டுகிற ஆள் இல்லை நான். ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஆம்பூரில் ஒரு டேனரியில் சேர்ந்து, சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய பச்சைத் தோலில் முடி வழித்தவன். அந்தக் கையைக் கழுவிவிட்டு அங்கேயே உட்கார்ந்து சோறு தின்று ஏப்பம் விட்டவன். சென்னையிலிருந்து வருகிறவர்கள் எங்கள் ஊர் எல்லையில் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அந்த வாடை வந்தால்தான் வீடு வந்துவிட்டது என்று தெரியும். அப்படிப்பட்டவனைக் குமட்ட வைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சிலேட்டு மாதிரி ஒரு டேப் வைத்திருந்தார், இன்னொருவர் நோட்டு வைத்திருந்தார். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என் தங்கச்சியின் வலது கை மாட்டிக்கொண்டது.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணைக் கட்டிவிட்டு ஒரு தோலைக் கையில் கொடுங்கள். கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி, இது முதுகு, இது வயிறு, இந்த ஆடு முள்வேலியில் உரசின ஆடு என்று சொல்வேன். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்க வந்த பையர் ஒருத்தர் என் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன்னோடு வந்தவரிடம் ஏதோ சொன்னார். பாராட்டுதான். எனக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் முகம் தெரியும். டேனரியிலிருந்து ஷூ கம்பெனி, கம்பெனியிலிருந்து சொந்த ஜாப் ஒர்க். இன்றைக்கு ஆம்பூரில் மாடி வீடு, சத்துவாச்சாரியில் ஒரு மனை. யாரும் தூக்கிவிடவில்லை.

என் தொழில் இதுதான். ஷூவின் மேல்பாகத்தை நாங்கள் அப்பர் என்போம். சில மாடல்களில் அதன் முன்பக்கத்தை மெஷினில் தைக்க முடியாது, கையால்தான் தைக்க வேண்டும். கம்பெனியிலிருந்து அதை மூட்டை மூட்டையாக வாங்கி வந்து எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் வீடு வீடாகக் கொடுப்பேன். பெண்கள் வீட்டிலிருந்தே தைப்பார்கள். திங்கட்கிழமை வேன் இறக்கும், சனிக்கிழமை ஏற்றும். வெளியே கொடுத்துத் தைப்பதை வெளிநாட்டுப் பையர்கள் ஒப்புக்கொள்வதில்லை. கம்பெனிக்குத் தெரியும், ஆனால் தெரியாது. அதனால் நான் எல்லா வீட்டுக்கும் ஒரு சட்டம் போட்டிருந்தேன். பேன்ட் சட்டை போட்ட ஆள் யார் தெருவுக்குள் வந்தாலும் மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட வேண்டும். கேட்டால், "சும்மாதான் இருக்கோம்" என்று சொல்ல வேண்டும். வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, யாராவது கதவைத் தட்டினாலே எங்கள் தெருப் பெண்களின் கால் தானாக மூட்டையைத் தள்ளும். சின்னக் குழந்தைகள்கூடத் தள்ளும். அந்த ஏற்பாட்டில் எனக்குப் பெருமைதான் அப்போது.

தங்கச்சி என்னைவிட எட்டு வயது இளையவள். புருஷன் போனபிறகு ஒரு பெண் குழந்தையோடு வந்தாள். என் வீட்டின் பின்பக்கம் ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு கட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக எனக்குத் தைக்கிறாள். தெருவிலேயே சுத்தமான கை. அவள் தைத்த ஜோடி ஒன்றுகூட ரிஜெக்ட் ஆகித் திரும்பியதில்லை. அந்தக் கை போன வருஷம் மரத்துப்போக ஆரம்பித்தது. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும். ஊசி நழுவிக் கீழே விழுந்தால் அவளுக்குத் தெரியாது, காற்றில் கொஞ்ச நேரம் தைத்துக்கொண்டிருப்பாள். வேலூரில் டாக்டர் பார்த்துவிட்டு, மணிக்கட்டில் நரம்பு அழுந்திவிட்டது, சின்ன ஆபரேஷன்தான், தள்ளிப்போட்டால் கட்டைவிரல் சதை வற்றிப் பிடிமானமே போய்விடும் என்றார். நான் பணம் கட்டுகிறேன் என்றேன். அவள் பார்க்கலாம் பார்க்கலாம் என்றே ஓட்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் டேப் தம்பி வந்தார்.

கோயமுத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை, ஏதோ ஒரு அமைப்புக்காக வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தவர். வேர்வையில் நனைந்த சட்டை. பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் மோர்கூட வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கினால் பதில் மாறிவிடுமாம்.

"எதுக்குத் தம்பி இந்தக் கணக்கு?"

"அதைச் சொல்லக்கூடாதுங்க ஐயா. நோக்கத்தைச் சொல்லிட்டா அதுக்கேத்த மாதிரி பதில் சொல்லிடுவாங்க. எல்லா வீட்டுலயும் ஒரே கேள்வி, ஒரே வார்த்தை. நான் ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

"மெஷின் மாதிரி."

"அப்படித்தாங்க இருக்கணும்." சந்தோஷமாகச் சொன்னார்.

பிறகு டேப்பைப் பார்த்துப் படித்தார். "தங்கள் இல்லத்தில் வருமானம் ஈட்டும் பணியில் ஈடுபட்டுள்ள மகளிர் எவரேனும் உள்ளனரா?"

பின்பக்கம் மூட்டை உள்ளே போகிற சர்ர் சத்தம் என் காதில் விழுந்தது. குடும்பத் தலைவன் நான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "எங்க வீட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போற பழக்கமே கிடையாது தம்பி. உட்கார வச்சு சோறு போடுறேன்."

அவர் ஒரு இடத்தில் விரலால் தட்டினார். முடிந்தது.

எதிர்வீட்டில் உருது பேசுகிற ஒரு அம்மா இருக்கிறார், என்னைவிட நாலைந்து வயது கம்மி. அண்ணன் என்கிற முறையில் என்னை பாய் என்பார், நானும் மரியாதைக்கு அக்கா என்கிற மாதிரி ஆபா என்பேன். தம்பி அங்கே போய் அதே கேள்வியைப் படித்ததும் அவர் என்னைப் பார்த்துக் கத்தினார். "இன்னா பாய் கேக்கறாரு இவரு? நியூஸ் படிக்கிறாரா?" பிறகு தம்பியைப் பார்த்து, "சும்மாதான் இருக்கோம் பேட்டா. பொம்பளைங்க வீட்ல சும்மா இல்லாம வேற எங்க இருப்பாங்க?" என்றார். அவர் கட்டிலுக்கு அடியில் இருந்த மூட்டை என் வீட்டு மூட்டையைவிடப் பெரிசு. தம்பி தெரு முழுக்க இப்படியே தட்டிக்கொண்டு போனார்.

ஒரு மாதம் கழித்து நோட்டு மேடம் வந்தார். அதே அமைப்பின் ஆள்தான், பெரிய படிப்பு. காட்டன் புடவை, தோளில் துணிப்பை. மோர், டீ, பிஸ்கட், எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். தரையில் உட்காருவார். எத்தனை வீடு என்பதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை. மூன்று வாரம், எங்கள் வீட்டுப் பின்பக்கமே கதி. மதியம் தங்கச்சியும் எதிர்வீட்டு ஆபாவும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்து தைப்பார்கள் இல்லையா, அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். முதல் இரண்டு நாள் மூட்டையைத் தள்ளினார்கள். அப்புறம் பேன்ட் போடவில்லையே, பொம்பளைதானே என்று விட்டுவிட்டார்கள். கண்ணாலேயே பார்த்தார் அந்த மேடம். தைப்பதைப் பார்த்தார், ஊசி விழுவதைப் பார்த்தார்.

"அக்கா, இதைச் செய்யறப்போ உங்களுக்கு எப்படி இருக்கு?"

"இன்னா எப்படி இருக்கு? சும்மா இருக்கறோம்மா. பொழுது போகணுமே."

அதை எழுதிக்கொண்டார். நான் அவ்வப்போது பிஸ்கட் தட்டோடு போய் நிற்பேன். வீட்டுக்காரன் என்கிற முறையில் கவனிக்க வேண்டாமா? நான் நின்றால் தங்கச்சி இன்னும் ரெண்டு தரம் சும்மா என்பாள்.

கடைசி வாரத்தில் மேடம் தான் எழுதியதைப் படித்துக் காட்டினார். சொன்னவர்களிடமே படித்துக் காட்டுவது அவர் வழக்கமாம். எனக்குப் பாதிதான் புரிந்தது. இந்தப் பெண்களுக்குத் தையல் ஒரு உழைப்பே அல்ல, அது ஒரு கூடல், சும்மா என்ற சொல்லுக்குள் அவர்கள் தங்களுக்கான ஒரு சுதந்திரத்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று போயிற்று அது.

ஆபா ஊசியைக் காதோர முக்காட்டில் குத்திவிட்டுக் கேட்டார். "சுதந்திரமா? எங்க ஒளிச்சோம், கட்டிலுக்கு அடியிலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். சிரித்துவிட்டு அதையும் எழுதினார். தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை, விரலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே டேப் தம்பியும் வந்தார், ஏதோ விட்டுப்போன கேள்விக்காக. என் ஒர்க் ஷாப்பில் இரண்டு பேருக்கும் டீ வரவழைத்தேன். மேடம் தம்பியிடம், "இந்தத் தெருவுல நான் பார்த்ததும் உங்க டேப்ல இருக்கறதும் வேற வேற" என்றார். தம்பி விடவில்லை. "நீங்க நாலு பேர்கிட்ட உட்கார்ந்து உங்க மனசுல பட்டதை எழுதுறீங்க மேடம். நாளைக்கு வேற ஒருத்தர் வந்தா வேற எழுதுவாரு. நான் எடுத்ததை யார் எடுத்தாலும் இதேதான் வரும்."

மேடம் என் பக்கம் திரும்பி விளக்கினார். தம்பி வழிக்குப் பாசிட்டிவிஸ்ட் என்று பேராம். மழையளவு எடுக்கிற மாதிரி, சமூகத்தையும் வெளியே நின்று அளந்துவிடலாம் என்கிறவர்கள். தன் வழிக்கு இன்டர்பிரட்டிவிஸ்ட். மனுஷன் மழை இல்லை, அவன் செய்வதற்கு அவன் ஒரு அர்த்தம் வைத்திருக்கிறான், உள்ளே போய் அதைக் கேட்டால்தான் தெரியும் என்கிறவர்கள்.

"பாசிட்டிவ்னா எங்களுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம்தாம்மா வரும்" என்றேன். "ரெண்டு பேரும் கேளுங்க. டேனரில தோலை அளக்க ஒரு மெஷின் இருக்கு. தோல் உள்ள போய் வெளிய வந்தா இத்தனை சதுர அடின்னு நம்பர் சொல்லும். தப்பே சொல்லாது. ஆனா ஓட்டையையும் தழும்பையும் அதுக்குத் தெரியாது. அதுக்கப்புறம் ஒரு ஆள் வெளிச்சத்துல நின்னு, விரிச்சு, தடவி, தரம் பிரிப்பாரு. அவருக்கு அன்னிக்குத் தூக்கம் இல்லைன்னா நல்ல தோலைக் கழிச்சுடுவாரு. ரெண்டும் வேணும். ஆனா ரெண்டுக்கும் முன்னாடி ஒண்ணு இருக்கு. தோல் விரிச்சு வரணும். மடிச்சு உள்ள விட்டா மெஷின் மடிச்சதைத்தான் அளக்கும், ஆளும் மடிச்சதைத்தான் தடவுவான்."

தம்பி தலையாட்டினார். மேடம் அவசரமாக நோட்டைத் திறந்தார். "ஐயா, அந்த மடிச்ச தோலை இன்னொரு தரம் சொல்லுங்க." அப்போது எனக்கு உச்சி குளிர்ந்தது. இரண்டு பட்டதாரிகளுக்குப் பாடம் எடுத்துவிட்டேன் என்று வீட்டில் போய்ச் சொன்னேன். மடித்துக் கொடுத்தது யார் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகுதான் நோக்கம் வெளியே வந்தது. வீட்டில் தைக்கிற பெண்களுக்குத் தொழிலாளி என்று அட்டை கொடுக்கப் போகிறார்களாம். அட்டை இருந்தால் கைக்கும் கண்ணுக்கும் வைத்தியம் அவர்கள் பொறுப்பு. எந்தத் தெருவில் எத்தனை பேர் என்ற பட்டியலைக் கல்யாண மண்டபத்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். தங்கச்சி புடவை மாற்றிக்கொண்டு ஆபாவோடு போனாள். நானும் பின்னால் போனேன். எங்கள் தெருப் பெயருக்கு நேராக ஒரு சைபர் இருந்தது.

எங்கள் தெருவில்! காலை எடுத்து வைத்தால் நூல் துண்டு ஒட்டுகிற தெரு அது. பக்கத்திலேயே மேடம் எழுதிய நாலு பக்கமும் ஒட்டியிருந்தது. ஆபாவின் பேத்தி படித்துச் சொன்னாள். இத்தெருவின் பெண்கள் தையலைத் தொழிலாகக் கருதுவதில்லை, அடையாள அட்டை அவர்களது தன்னுணர்வுக்குப் பொருந்தாமல் போகலாம் என்று எழுதியிருந்ததாம். ஒருவர் பார்க்காமலே இல்லை என்று எண்ணினார். இன்னொருவர் மூன்று வாரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வேண்டாம் என்று அர்த்தம் எழுதினார். தூ என்று சுவரோரம் துப்பினேன். மண்டபத்துக்காரர் முறைத்தார்.

வீட்டுக்கு வந்து இரண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். படிச்ச கழுதைகள், ஒரு மோர் குடிக்கத் தெரியாதவன், ஒரு பொம்பளை கையைப் பார்க்கத் தெரியாதவள் என்று. தங்கச்சி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"முடிச்சிட்டியா அண்ணே?"

"இன்னாம்மா?"

"அந்தப் பையன் உன்னைத்தான் கேட்டான். நீ இன்னா சொன்ன?"

"கௌரவத்துக்குச் சொன்னேன். உட்கார வச்சு சோறு போடறேன்னு..."

"யாரு யாருக்கு சோறு போட்டது? இருபத்திரண்டு வருஷம். என் பொண்ணு பி.எட். முடிச்சா. நான் படிக்க வச்சேன், நான் படிக்க வச்சேன்னு கல்யாணத்துல மைக்ல சொன்ன. நான் அப்போ பந்தியில எலை போட்டுட்டு இருந்தேன். ஏன்டா அண்ணா, இந்த விரலு இன்னா பிஸ்கட் பாக்கெட் பிரிச்சா மரத்துப்போச்சு?"

அவள் என்னை டா போட்டது சின்ன வயசுக்கப்புறம் அன்றைக்குத்தான்.

நான் மெதுவாகச் சொன்னேன். "ஆபரேஷனுக்குத்தான் நான் தர்றேன்னு சொல்றேனே. அட்டை எதுக்கு?"

"உன் காசுல போனா அது நீ செஞ்ச உபகாரம். அதையும் மைக்ல சொல்லுவ. அட்டையில போனா நான் தைச்சதுக்கு. எனக்கு அதுதான் வேணும். வரலைன்னா இந்தக் கை இப்படியே போகட்டும்."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்த ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு வந்தது பாருங்கள், அதுதான் அசல் குமட்டல். சுண்ணாம்புத் தொட்டியில் வராதது.

பட்டியலைத் திருத்த ஒரு வழி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் மறுபடி பதிவு. முதலில் இல்லை என்று சொன்ன குடும்பத் தலைவரே நேரில் வந்து மாற்றிச் சொல்ல வேண்டும். யாருக்காகத் தைக்கிறார்கள் என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். அந்தப் பதில் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். பையருக்குப் போகும், பையரிடமிருந்து கம்பெனிக்கு வரும், கம்பெனி வேனை நிறுத்தும். சனிக்கிழமை முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அதில் தேறுகிற மாதிரி எதுவும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கச்சி வாசலில் நின்றாள், இடுப்பில் மூட்டை.

"அதை எதுக்குத் தூக்கினு வர்ற? உள்ள வை."

"தள்ளித் தள்ளிக் கால் வலிக்குது."

தெரு நடுவில் அந்த மூட்டையோடு நடந்தாள். நான் பத்தடி பின்னால். ஆபா ஜன்னலில் பார்த்தார், பார்த்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் குனிந்தார். மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது எங்கள் பின்னால் பதினைந்து இருபது பேர், பதினைந்து இருபது மூட்டை. வீட்டு ஆம்பளைங்க எனக்கும் பின்னால், தலையைக் குனிந்தபடி. காத்திருக்கிற நேரத்தில் பெண்கள் பாயில் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்துத் தைக்க ஆரம்பித்துவிட்டார்கள். டேப் தம்பி வாயைப் பிளந்து பார்த்தார். தங்கச்சியின் ஊசி அவர் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. அவள் வெறுங்கையால் இரண்டு முறை இழுத்தாள். அவர் குனிந்து எடுத்துக் கொடுத்தபோது அவர் முகத்தில் ஏதோ மாறியது. இருந்தாலும் டேப்பில் இருந்ததை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல்தான் படித்தார்.

"தங்கள் இல்லத்தில் வருமானம் ஈட்டும் பணியில் ஈடுபட்டுள்ள மகளிர்..."

"இருக்கா. என் தங்கச்சி. இருபத்திரண்டு வருஷமா."

"யாருக்காகத் தைக்கிறாங்க?"

"எனக்கு."

தட்டினார். "முதல்ல ஏன் இல்லைன்னு சொன்னீங்க? புரியவில்லை, மறந்துவிட்டேன், மற்றவை. எதைப் போடட்டும்ங்க ஐயா?"

என் வாழ்நாள் கௌரவம் மூன்றாவது கட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது. மற்றவை. நோட்டு மேடம் பக்கத்தில் வந்து, "இதைச் சொல்றப்போ உங்களுக்கு எப்படி இருந்தது ஐயா?" என்றார். "கேவலமா இருந்தது, எழுதிக்கங்க" என்றேன். அவர் அந்த ஒரு தடவை எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டார். அதற்காக நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

பிறகு தம்பி தங்கச்சியிடம் கேட்டார். "தாங்கள் ஓய்வு நேரத்தில், அதாவது சும்மா இருக்கிற நேரத்துல, என்ன செய்வீங்க?"

அவள் ஊசியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள். "அதை அண்ணனைக் கேளுங்க. எங்க வீட்ல சும்மா இருக்கறவரு அவருதான்."

மண்டபமே சிரித்தது. ஆபா என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். தம்பி என்னைப் பார்த்தார், கட்டத்தில் என்ன போடுவது என்று.

"போடுங்க தம்பி," என்றேன். "அவ சொன்னதையே போடுங்க."

மூன்று திங்கட்கிழமையாக வேன் வரவில்லை. தங்கச்சி அட்டையின் பேரில் ஆபரேஷனுக்கு வேலூருக்குப் போக நாள் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். கூட யார் வருகிறீர்கள் என்று கேட்டார்களாம். என்னைச் சொல்லியிருக்கிறாள்.